எரிச்சலுக்கு 30,000, காயத்துக்கு 100

(ஞாயிறு மாலை நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், பின்வரிசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம். பிள்ளைகளே, கைப்பேசியை உள்ளே வைக்கச் சொல்ல மாட்டேன். இன்று பேசப் போவதே அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு கேள்வி. இந்த மண்டபத்தில் பத்திரிகை நடத்துபவர்கள் எத்தனை பேர்? ஒரு கையும் உயரவில்லை. சரி. இந்த வாரம் ஃபேஸ்புக்கில் எதையாவது எழுதியவர்கள், டிக்டாக்கில் போட்டவர்கள், வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியை அடுத்த குழுவுக்குத் தட்டிவிட்டவர்கள் எத்தனை பேர்? பாருங்கள், ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன. அப்படியென்றால் இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருமே வெளியீட்டாளர்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சட்டம் நம்மை அப்படித்தான் பார்க்கிறது.

இணையத்தில் எழுதுபவனைக் கட்டுப்படுத்த வேண்டுமா, யார் கட்டுப்படுத்துவது, எதற்காகக் கட்டுப்படுத்துவது என்ற வாதம் இந்த நாட்டில் பல ஆண்டுகளாக நடக்கிறது. படித்தவர்கள் பேசிக்கொள்ளும் விஷயம், நமக்கென்ன என்று நாம் இருந்துவிட்டோம். இனி அப்படி இருக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

பெர்மிட் கேட்காத பத்திரிகை

நம் நாட்டில் பத்திரிகை நடத்த பெர்மிட் வேண்டும். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் அப்படிச் சொல்கிறது. 2012 வரை அந்த பெர்மிட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கை நடந்தபோது 'தி ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வத்தான்' ஆகிய மூன்று பத்திரிகைகளின் பெர்மிட் பறிக்கப்பட்டது. ஆங்கிலம், சீனம், மலாய் என்று எந்த மொழியும் தப்பவில்லை.

தமிழும் தப்பவில்லை. 2007 ஆகஸ்டில் ஏசுநாதர் படம் ஒன்றைத் தகாத முறையில் வெளியிட்டதற்காக 'மக்கள் ஓசை' ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் படம் தவறு. கிறிஸ்தவ மக்களின் மனம் புண்பட்டது உண்மை. அவர்களில் நம் தமிழர்களும் உண்டு. பத்திரிகை மன்னிப்பும் கேட்டது. ஆனால் ஒரு படத்துக்காக முழுப் பத்திரிகையையும் ஒரு மாதம் மூடினால் அடி யாருக்கு விழுகிறது? அச்சுக் கோக்கும் தொழிலாளிக்கு, விடியற்காலையில் மோட்டாரில் பேப்பர் போடும் பையனுக்கு, அந்தப் பேப்பரை நம்பியே நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ளும் தாத்தா பாட்டிக்கு.

இப்படிப்பட்ட நாட்டில் வலைப்பதிவு வந்தது. அதற்கு பெர்மிட் தேவையில்லை. 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டு முதலீட்டாளர்களைக் கவர்வதற்காக, இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று அரசாங்கமே வாக்குக் கொடுத்தது. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆவது பிரிவிலும் அதை எழுதி வைத்தார்கள். இந்தச் சட்டத்தில் உள்ள எதையும் இணையத் தணிக்கைக்கு அனுமதி என்று பொருள்கொள்ளக் கூடாது என்பது அதன் கருத்து. முதலாளிக்காகத் திறந்த கதவு அது. அதே கதவு வழியாகச் சாதாரண மக்களும் உள்ளே வந்துவிட்டார்கள்.

2007: இரண்டு நாடுகள், ஒரே மாதம்

2007 ஜனவரியில் ஒரு பெரிய ஆங்கில நாளேட்டு நிறுவனமும் அதன் மேலாளர்களும் ஜெஃப் ஊய், அஹிருதீன் அத்தான் என்ற இரண்டு வலைப்பதிவர்கள் மீது அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். அதே ஏப்ரலில் துணையமைச்சர் ஒருவர், வலைப்பதிவர்கள் அரசாங்கத்திடம் பதிந்துகொள்ள வேண்டும் என்ற யோசனையைச் சொன்னார். எதிர்ப்புக் கிளம்பியது. யோசனை சட்டமாகவில்லை. வலைப்பதிவர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டணியையும் அந்த ஆண்டு அமைத்துக்கொண்டார்கள்.

அதே 2007 ஏப்ரலில் அமெரிக்காவிலும் இதே வாதம்தான் நடந்தது. ஆனால் அது தொடங்கிய இடம் வேறு. கேத்தி சியரா என்ற பெண் கணினித் துறை பற்றி எழுதி வந்தார். முகம் தெரியாத சிலர் அவருக்குக் கொலை மிரட்டல் விடுத்தார்கள், ஆபாசமாக எழுதினார்கள். மார்ச் மாதம் அவர் தம் பொதுக்கூட்டப் பேச்சுகளை ரத்து செய்தார், எழுதுவதையும் நிறுத்தினார். அதைப் பார்த்து, நூல் பதிப்பாளர் டிம் ஓரெய்லி வலைப்பதிவர்களுக்கு ஒரு நடத்தை நெறியை முன்வைத்தார். உன் பக்கத்தில் பிறர் எழுதுவதற்கும் நீ பொறுப்பேற்க வேண்டும், பெயர் மறைத்து எழுதுவதை அனுமதிக்காதே என்று அதில் இருந்தது. அதற்கும் எதிர்ப்பு வந்தது. பெயரைச் சொல்லித்தான் எழுத வேண்டும் என்றால் பலவீனமானவன் வாயே திறக்க மாட்டான் என்றார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு பெண் மிரட்டப்பட்டதால் விதி வேண்டும் என்றார்கள். இங்கே மேலே இருப்பவர்களுக்கு எரிச்சல் வந்ததால் விதி வேண்டும் என்றார்கள். யாருடைய வலியிலிருந்து ஒரு சட்டம் பிறக்கிறதோ, அவருக்காகத்தான் அது வேலை செய்யும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

அந்த ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் வீதியில் நம் மக்கள் திரண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீரடியையும் கண்ணீர்ப்புகையையும் கைப்பேசியில் பிடித்தார்கள். படங்கள் வலைப்பதிவுகளில் ஏறின. அடுத்த ஆண்டு மார்ச் 8 பொதுத் தேர்தலில் ஜெஃப் ஊய், டோனி புவா ஆகிய வலைப்பதிவர்கள் நாடாளுமன்றத்துக்கே போனார்கள். 2008 ஆகஸ்டு கடைசியில் 'மலேசியா டுடே' தளம் முடக்கப்பட்டது. தணிக்கை இல்லை என்ற வாக்குக்கு அவ்வளவுதான் ஆயுள். செப்டம்பரில் தடை நீங்கிய மறுநாளே அதன் ஆசிரியர் ராஜா பெத்ரா கமாருதீன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டார். நவம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அந்தக் கூட்டத்தில் நாம் எங்கே இருந்தோம்?

வலைப்பதிவர், வலைப்பதிவர் என்று நாடே பேசிய காலத்தில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் வலைப்பதிவு வைத்திருந்தார்கள்? மனசாட்சியோடு சொல்வோம். மிகக் குறைவு. பெயர் பெற்றவர்கள் பெரும்பாலும் நகரத்தார், ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதியவர்கள், வீட்டில் கணினியும் இணைப்பும் இருந்தவர்கள்.

தமிழில் எழுத வழியில்லை என்பது காரணமன்று. கணினியில் தமிழ் எழுத 'முரசு அஞ்சல்' இருந்தது. அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். கைப்பேசிக்கு அவருடைய 'செல்லினம்' 2005லேயே வந்துவிட்டது. எழுத்து இருந்தது, கணினி வாங்கக் காசில்லை. இரண்டு ஷிஃப்டு வேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுத நேரமில்லை. அதனால் இணையத்துக்கு என்ன விதி போடலாம் என்று மற்றவர்கள் வாதாடியபோது நம் குரல் அங்கே இல்லை. குரல் இல்லாத இடத்தில் எழுதப்படும் சட்டத்தில் நம் கஷ்டம் எப்படி வரும்?

பிறகு மலிவுக் கைப்பேசி வந்தது, காணொளி வந்தது. எழுதவே வேண்டாம், பேசினால் போதும். முறுக்குச் சுட்டு விற்கும் அக்கா நேரலையில் வியாபாரம் செய்கிறார். லோரி ஓட்டும் அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு சம்பள நிலுவையைப் பற்றிப் பேசுகிறார். ஒரு மாணவி தன் பள்ளியின் கூரை ஒழுகுவதைப் படம் பிடித்துப் போடுகிறாள். இத்தனை காலம் யாரும் மைக் கொடுக்காத மக்கள் தாங்களே மைக் பிடித்துவிட்டார்கள். இணையத்தில் பல குரல் வேண்டும் என்பதற்கு நம் வீட்டில் இதுதான் அர்த்தம். அதை நாம் இழக்கக் கூடாது.

சட்டம் நம் வீட்டுக்குள் வந்த விதம்

அந்த 1998ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 233ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொய்யான, ஆபாசமான, மிரட்டலான அல்லது புண்படுத்தும் செய்தியை ஒருவருக்கு எரிச்சலூட்டவோ, தொல்லை தரவோ அனுப்பினால் குற்றம். தண்டனை 50,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை என்று இருந்தது. மிரட்டல் குற்றம் என்றால் புரிகிறது. எரிச்சல்? வரி ஏறிவிட்டது என்று நான் எழுதினால் யாருக்காவது எரிச்சல் வராதா?

என்ன நடந்தது பாருங்கள். அப்போதைய பிரதமர் நஜிப்பைக் கோமாளி முகத்தோடு வரைந்தார் ஓவியர் ஃபாமி ரெசா. 2018 பிப்ரவரியில் ஈப்போ நீதிமன்றம் 233ஆவது பிரிவின்கீழ் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 30,000 வெள்ளி அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் சிறை நீங்கியது, அபராதம் குறைந்தது. ஆனாலும் முதல் நாள் விழுந்த தொகை 30,000. ஒரு படத்துக்கு.

அடுத்தது இன்னும் நெருக்கமானது. 2012 ஜூலை 31ஆம் தேதி சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு நடப்புக்கு வந்தது. ஒரு பதிவில் உங்கள் பெயரோ, படமோ, புனைபெயரோ இருந்தால் அதை வெளியிட்டவர் நீங்கள்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இணைய இணைப்பு உங்கள் பெயரில் இருந்தாலும் அப்படியே. இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ஆகஸ்டு 14ஆம் தேதி பல தளங்கள் திரையைக் கறுப்பாக்கி எதிர்ப்புக் காட்டின. சட்டம் அசையவில்லை.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வைஃபை அப்பா பெயரில். பயன்படுத்துவது அம்மா, மூன்று பிள்ளைகள், மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் தம்பி. அந்த இணைப்பிலிருந்து யாரோ எழுதியதற்கு அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு நீதிமன்றப் படியேற நேரலாம். வசதி உள்ளவன் கணினி நிபுணரை வைத்து நிரூபிப்பான். தினக்கூலிக்காரன் எதைக் கொண்டு நிரூபிப்பான்?

பிறர் எழுதியதற்கு நாம் பொறுப்பாவது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக 'மலேசியாகினி'க்கு 500,000 வெள்ளி அபராதம் போட்டது. பொதுமக்கள் சில மணி நேரத்தில் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். உங்கள் தாமான் வாட்ஸ்அப் குழுவுக்கு அப்படி யார் திரட்டிக் கொடுப்பார்கள்?

அந்த 100 வெள்ளி

இத்தனையும் கேட்டுவிட்டு, அப்படியானால் சட்டமே வேண்டாம் என்று கை தட்டலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். 2024 ஜூலைக்குப் பிறகு அப்படிப் பேச என்னால் முடியவில்லை.

ஈஷா என்ற பெயரில் டிக்டாக்கில் எல்லாருக்கும் தெரிந்த நம் பெண், வயது 29. இணையத்தில் அவரை விடாமல் இழிவுபடுத்தினார்கள், மிரட்டினார்கள். அவர் போலீசில் புகார் கொடுத்தார். மறுநாள், 2024 ஜூலை 5ஆம் தேதி, அவர் உயிரோடு இல்லை. அவர் தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 வெள்ளி. 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் அதற்கு மேல் விதிக்கவே வழியில்லை. இன்னொருவர் மீது வேறு பிரிவுகளில் வழக்கு நடந்தது. ஆனால் நம் மக்கள் நெஞ்சில் தைத்து நிற்பது அந்த 100 வெள்ளிதான். பிரதமரின் படத்துக்கு ஒரு நீதிமன்றத்தில் 30,000. நம் வீட்டுப் பெண்ணைப் பழித்ததற்கு இன்னொரு நீதிமன்றத்தில் 100. நீதிபதிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் கொடுத்திருந்த சட்டப் புத்தகம் அப்படி.

இதில் நாமும் கொஞ்சம் கண்ணாடி பார்க்க வேண்டும். நம் பெண்கள் நேரலையில் வந்தால் தூற்றுகிறவர்கள் வேற்றினத்தார் மட்டுமா? சாதிப் பெயர் சொல்லி, தாயின் பெயர் சொல்லி, நிறத்தைச் சொல்லித் தமிழிலேயே திட்டுகிறவன் யார்? அதைப் பார்த்து சிரிப்புப் பொம்மை போடுகிறவன் யார்? உரிமை கேட்கும் சமூகம் தன் சகோதரியின் உரிமையை மிதிக்கலாமா? இப்படி விரட்டப்பட்டு எத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள்! அரசாங்கம் அடைத்தாலும் அண்டைவீட்டுக்காரன் அடைத்தாலும், அடைபட்ட வாய் அடைபட்ட வாய்தான்.

இப்போது இருக்கும் சட்டங்களை எப்படி எடை போடுவது?

ஈஷாவின் மரணத்துக்குப் பிறகு மக்கள் கேட்டார்கள். குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்ந்தன. 2025 ஜூலை 11 முதல் அவை நடப்பில் வந்தன. மிரட்டுவது, தொல்லை தருவது, ஒருவரின் சொந்த விவரங்களைத் தீய நோக்கத்தோடு அம்பலப்படுத்துவது எல்லாம் இப்போது தனிக் குற்றம். அதனால் ஒருவர் தற்கொலைக்குத் தள்ளப்பட்டால் பத்தாண்டு வரை சிறை. இது காயத்திலிருந்து பிறந்த சட்டம். இதை நாம் வரவேற்க வேண்டும்.

அதே 2025இல், பிப்ரவரி 11 முதல், 233ஆவது பிரிவின் அபராத உச்சம் 50,000இலிருந்து 500,000 வெள்ளியாகவும் சிறை இரண்டாண்டாகவும் ஏறியது. 'புண்படுத்தும்' என்பதை 'மிகக் கடுமையாகப் புண்படுத்தும்' என்று மாற்றினார்கள். நல்லது. ஆனால் 'எரிச்சலூட்ட' என்ற சொல்லைத் திருத்தத்தில் விட்டுவைத்தார்கள். பாதிக்கப்பட்டவளுக்காகச் சட்டம் என்று சொல்லி, பழைய சவுக்கையே நீளமாக்குகிற வேலை இது. இதை நாம் எதிர்க்க வேண்டும்.

2025 ஜனவரி 1 முதல், இந்நாட்டில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடக நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும் என்றும் விதி வந்தது. எழுதும் ஏழைக்குப் பதில் பணம் பார்க்கும் நிறுவனத்தைக் கேள்வி கேட்பது சரியான திசை. ஆனால் அந்த நிறுவனத்திடம் நாம் ஒன்று கேட்க வேண்டும். புகாரைப் படிப்பவருக்கு நம் மலேசியத் தமிழ் தெரியுமா? பாதி தமிழ், பாதி மலாய் கலந்து, ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட வசை அவருக்குப் புரியுமா? புரியாவிட்டால் வசை நிற்கும், வலியில் கத்தியவளின் காணொளி நீக்கப்படும்.

பெயர் மறைத்து எழுதுவது பற்றியும் கேட்பீர்கள். ஓவர்டைம் காசு கொடுக்காத முதலாளியைப் பற்றி எழுதும் தொழிலாளிக்குப் புனைபெயர் ஒரு கேடயம். பெண்ணை மிரட்டும் கயவனுக்கும் அதே கேடயம்தான். என்ன செய்வது? எழுதுவதற்கு முன்னாலேயே எல்லாரும் பெயரைப் பதிய வேண்டும் என்றால் தொழிலாளி மாட்டிக்கொள்வான். ஒருவருக்குக் காயம் ஏற்பட்ட பிறகு, நீதிமன்றம் உத்தரவிட்டு முகமூடியைக் கழற்றினால் கயவன் மாட்டிக்கொள்வான். இரண்டாவது வழியைத்தான் நாம் கேட்க வேண்டும்.

ஆகவே எந்தப் புதிய சட்டம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இது யாருடைய காயத்தை ஆற்ற வந்தது? தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமா, அமைச்சரிடமா? வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவன் தன்னைக் காத்துக்கொள்ள இதில் வழி இருக்கிறதா?

வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவை

உங்களையோ உங்கள் பிள்ளையையோ யாராவது இணையத்தில் மிரட்டினால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அழித்தால் சாட்சியும் போய்விடும். தேதி, நேரம், கணக்கின் பெயர் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வையுங்கள். போலீசில் ரிப்போர்ட் செய்யுங்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள். மலாயில் சொல்லத் தடுமாறினால் தெரிந்தவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். "பிளாக் பண்ணிட்டுப் போம்மா" என்று யார் சொன்னாலும் புதிய பிரிவுகள் இருப்பதை நினைவுபடுத்துங்கள். தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் புகார் கொடுங்கள்.

பிள்ளை திடீரென்று சாப்பிடாமல், பேசாமல் கிடந்தால் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "என்னம்மா ஆச்சு?" என்று கேளுங்கள். மனசு தாங்காத நேரத்தில் 15999 என்ற காசே எண்ணை அழைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குழு நடத்துபவர்கள் வசையையும் வதந்தியையும் கண்டால் அன்றே நீக்குங்கள். வைஃபை யார் பெயரில் இருக்கிறது, யார் யாருக்குக் கடவுச்சொல் தெரியும் என்று இன்றிரவே பாருங்கள்.

ஆனால் பயந்து வாயை மூடாதீர்கள். அதற்காக நான் இவ்வளவு நேரம் பேசவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு குடிமக்கள் எல்லாருக்கும் பேச்சுரிமை தருகிறது. அதற்கு எல்லை போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது. அந்த எல்லைக்கோடு எங்கே விழ வேண்டும் என்று சொல்லும் உரிமை நமக்கும் இருக்கிறது. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை திறந்தவெளி விருந்துக்கு வரும்போது பொன்னாடை போர்த்துங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, "அந்த 'எரிச்சல்' என்ற சொல்லை எப்போது எடுப்பீர்கள் ஐயா?" என்று கேளுங்கள். அவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். வரட்டும்.